மனோரமா மிகையாக நடித்தாரா?

கேள்வி இதுதான்: "மனோரமாவை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ அவர் எப்போதும் ஒரு படி தூக்கலாகவே நடித்ததாகத் தோன்றுகிறது. நாடகத்திலிருந்து வந்தவர்களுக்கு கேமரா முன்னால் குரலைத் தணிக்கத் தெரியாது. ஆயிரம் படம் என்பது சாதனைதான், ஆனால் அது எண்ணிக்கை. நடிப்பு என்று பார்த்தால் என்ன மிஞ்சும்?"

ஜூன் 2, இரவு

பாதிக்குப் பாதி ஒத்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் அம்மா வேடங்களில் சிலவற்றை இன்று பார்த்தால் டிவியின் ஒலியைக் குறைக்கத்தான் கை போகிறது. ஆனால் அந்தப் பழியை நாடகத்தின் தலையில் கட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தூக்கலான நடிப்பு மேடையிலிருந்து வந்தது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மேடைக்குப் பின்னால் ஒரு மணி நேரம்கூட நின்றிருக்க மாட்டார்கள்.

நான் நின்றிருக்கிறேன். அதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

இளம் வயதில் ஒரு அமெச்சூர் குழுவில் பிராம்ப்டராக இருந்தேன். நடிக்க லாயக்கில்லை என்று முதல் ஒத்திகையிலேயே முடிவாகிவிட்டதால் கிடைத்த பதவி. பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நிற்க வேண்டும். யாராவது வசனத்தில் தடுமாறினால் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் குழுவுக்கு அவ்வப்போது கூலிக்கு நடிக்க வந்த ஒரு அம்மாள் இருந்தார். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட பழைய கம்பெனி நாடகக் குழுக்களில் வளர்ந்தவர். அவரிடம் நான் கவனித்தது இரண்டு. ஒன்று, மேலே தொங்கிய மைக்குகள். மூன்றே மூன்று இருக்கும். எங்கள் ஆட்கள் வசனம் பேசுவதற்காக மைக்கை நோக்கி நடந்து போவார்கள், அது அப்பட்டமாகத் தெரியும். அந்த அம்மாள் வெற்றிலைப் பெட்டியை எடுக்கப் போவார், கூடத்தைப் பெருக்குவார், யாரையோ தேடுவார். வசனம் வரும் நேரத்தில் சரியாக மைக்குக்குக் கீழே இருப்பார். அங்கே நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தியும் பேசுவார். கத்த வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

இரண்டாவது, சிரிப்பு. சபையில் சிரிப்பு எழுந்தால் அடுத்த வசனத்தை நிறுத்தி வைக்க வேண்டும். சும்மா நின்றால் நடிப்பு செத்துவிடும். அதனால் அந்த இடைவெளியில் ஏதாவது செய்துகொண்டிருப்பார். முந்தானையை உதறுவார், மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வார், "ஹுக்கும்" என்று ஒரு ஓசை. சிரிப்பு அடங்கத் தொடங்கும்போதே அடுத்த வரியை எடுத்துவிடுவார். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் பிடி நழுவிப் போகும்.

சினிமாவில் படப்பிடிப்பின்போது சிரிக்க யாரும் இல்லை. லைட்பாய் சிரித்தால் இன்னொரு டேக் போக வேண்டும். எங்கோ ஒரு தியேட்டரில் பல மாதம் கழித்து எழப்போகும் சிரிப்பின் நீளத்தை அப்போதே கணக்குப் போட்டு நடிக்க வேண்டும். மேடையில் ஆண்டுக்கணக்கில் அடிபட்டவருக்குத்தான் அந்தக் கணக்கு வரும். மனோரமாவின் அந்த "க்கும்", அந்த வாய்க்கோணல், அந்த மூக்குறிஞ்சல் எல்லாம் நமக்கு மிகையாகத் தெரிகின்றன. அவை தியேட்டர் சிரிப்புக்காக விடப்பட்ட இடம் என்பது என் கட்சி. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது அந்த இடம் வெற்றாக இருப்பதால் துருத்திக்கொண்டு தெரிகிறது.

ஜூன் 3, மதியம்

உதாரணம் கேட்டிருக்கிறீர்கள். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). வேலைக்காரி கண்ணம்மா. எதிரில் நடிக்கும் கிஷ்மு வாயைத் திறக்கும்போதெல்லாம் "கம்முனு கெட". அந்தக் காட்சியில் நகைச்சுவைத் துணுக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. தியேட்டரில் சிரிப்பு அதை விழுங்கினாலும் நஷ்டமில்லை, அடுத்தது வந்துகொண்டிருக்கிறது. எழுதி இயக்கிய விசுவும் நாடகக்காரர். இரண்டு நாடகக்காரர்கள் சேர்ந்து கட்டிய காட்சி அது.

ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொல்லை எந்தச் சுருதியில் சொல்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

ஜூன் 5

அவரது வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார் ஒரு இளைஞர். சுருக்கம் எனக்குக் கைவராது, இருந்தாலும் முயல்கிறேன்.

1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்ட பிறகு அம்மா ராமாமிர்தம் குழந்தையோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செய்து வளர்த்தார். பின்னாளில் ஊரே 'ஆச்சி' என்று அழைத்ததற்கு இந்தச் செட்டிநாட்டு வாசம்தான் காரணம். அம்மாவுக்கு உடல்நலம் கெட்டதில் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு போயிற்று.

மேடைக்கு வந்தது பன்னிரண்டு வயதில். ஊரில் நாடகம் போட வந்தவர்களுக்கு ஒரு சிக்கல்: பெண் வேடம் போட்டவருக்கு நடிப்பு வந்தது, பாட்டு வரவில்லை. நன்றாகப் பாடும் பெண் இருக்கிறாள் என்று கோபிசாந்தாவைக் கூட்டிக்கொண்டு போய்த் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அதாவது மேடையில் அவர் முதலில் ஒரு குரலாகத்தான் இருந்தார். உருவம் பிறகுதான் வந்தது. மனோரமா என்ற பெயரை வைத்தவர்களும் நாடகக்காரர்கள்தான், சினிமாக்காரர்கள் அல்ல. வைரம் நாடக சபா, பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். அங்கே 'மணிமகுடம்' அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது.

சினிமாவில் முதலில் எடுக்கத் தொடங்கிய படங்கள் பாதியில் நின்றுபோயின. வெளிவந்த முதல் படம் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958). நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக இருந்தவருக்கு இது சறுக்கலாகத்தான் பட்டிருக்கும். நகைச்சுவையில்தான் நீண்ட நாள் நிற்க முடியும் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதைப் பின்னால் பல பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார், ஜோடி ஆர்.எஸ்.மனோகர். கண்ணதாசன் சொன்னதுதான் பலித்தது.

1964-ல் நாடகத்தில் உடன் நடித்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார், இரண்டே ஆண்டில் பிரிவு, ஒரு மகன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. யூடியூப்பில் சோக இசை போட்டுச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஜூன் 5, இரவு

விட்டுப்போன ஒன்று. ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று எல்லாரும் சொல்வதில் மேடையின் பங்கை மறந்துவிடுகிறார்கள். அண்ணாவுடனும் கருணாநிதியுடனும் நடித்தது மேடையில். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் ஆகியோருடன் நடித்ததுதான் திரையில். கருணாநிதியின் 'உதயசூரியன்' நாடகத்தில் அவருடனேயே நடித்திருக்கிறார்.

ஐந்து பேருக்கும் வசனம் மறந்தால் இவர்தான் சமாளித்திருப்பார் என்று ஒரு பழைய பிராம்ப்டராக நான் நம்ப விரும்புகிறேன்.

ஜூன் 8

1968-ஐப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

அந்த ஆண்டு 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. அதே ஆண்டு 'பொம்மலாட்ட'மும் வந்தது. முதலாவதில் ஜில் ஜில் ரமாமணி, ஊர் ஊராகப் போய் ஆடும் நாடகக்காரி. இரண்டாவதில் "வா வாத்தியாரே ஊட்டாண்ட" என்று ஜாம்பஜாரையும் சைதாப்பேட்டையையும் இழுத்துவிட்டு மெட்ராஸ் பாஷையில் பாடும் பெண். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த ஒருவர் ஒரே ஆண்டில் இந்த இரண்டு நாக்கையும் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் கேலி தெரியவில்லை. மெட்ராஸ் பாஷை பேசிய பலர் அந்த மக்களைப் பார்த்துச் சிரிப்பது போலப் பேசுவார்கள். இவர் அங்கேயே பிறந்தவரைப் போலப் பாடினார்.

ரமாமணிக்கு வருகிறேன். ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், ராஜபார்ட்டும் (நாயகன்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி) வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ் பெண்ணும் வந்து மேடையைச் சூடேற்றுவார்கள். அந்தப் பெண்ணுக்கு ஊரில் மரியாதை கிடையாது. எங்கள் பாட்டி விடிய விடிய நாடகம் பார்ப்பார், கண்ணீர் விடுவார், மறுநாள் காலை நாடகக்காரி திண்ணையில் உட்காரக் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார். இரண்டும் ஒரே பாட்டிதான். ரமாமணி அந்தத் திண்ணையில் உட்கார விடப்படாத பெண். அந்த வேடத்தை, அதே மேடைகளில் வளர்ந்த ஒருவர் நடிக்கிறார். இயக்கிய ஏ.பி.நாகராஜனும் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் சிறுவனாகப் பெண் வேடம் போட்டவர். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய கதைக்கு இந்த இரண்டு பேரின் உடம்பு அனுபவமும் சேர்ந்தது.

சிவாஜியோடு வரும் காட்சிகளைப் பாருங்கள். ரமாமணி ஓயாமல் பேசுகிறாள், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்தையும் இழுத்து, சிரிப்பில் முடிக்கிறாள். எதிரில் சிவாஜி அசையாமல் இருக்கிறார். சிவாஜியை அசையாமல் உட்கார வைத்த நடிகர்கள் தமிழில் எத்தனை பேர்? அவள் வாய் ஓயாமல் இருப்பதற்குக் காரணம் பேச்சு நின்றால் எதிரில் இருப்பவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும் என்ற பயம். வசனத்தில் இது எங்கும் இல்லை. கண்ணில் மட்டும் இருக்கிறது. சிரித்து முடித்த பிறகும் கண்கள் ஒரு கணம் அவர் முகத்திலேயே நிற்கின்றன, அனுமதி கேட்பது போல.

இது மிகை நடிப்பு என்றால், மிகையாக நடிக்கும் ஒரு பெண்ணை நடித்துக் காட்டுவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

ஜூன் 8, சற்றுப் பின்

ஒரு குறை. "பாண்டியன் நானிருக்க" பாட்டை ரமாமணிக்குப் பாடியவர் எல்.ஆர்.ஈஸ்வரி. பிரமாதமாகப் பாடியிருக்கிறார், அதில் சண்டையில்லை. ஆனால் பாட வராத ஒருவருக்காகத் திரைமறைவில் பாடி மேடைக்கு வந்தவருக்கு, அவர் வாழ்க்கையின் முக்கியமான நாடகக்காரி வேடத்தில் வேறொருவர் குரல். அதே ஆண்டு இன்னொரு படத்தில் அவரே பாடியிருக்கும்போது இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 11

"ஆயிரம் என்பது வெறும் எண்" என்றீர்கள். அதை வகுத்துப் பார்த்தேன். 1958-ல் முதல் படம். ஆயிரத்தைத் தாண்டியதற்காக 1985-ல் கின்னஸ் புத்தகம். இருபத்தேழு ஆண்டு. ஆண்டுக்கு முப்பத்தேழு படம், மாதத்துக்கு மூன்று.

முதலில் இதைப் பெருமையாகத்தான் நினைத்தேன். இரண்டு நாள் யோசித்த பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது. மாதம் மூன்று படம் என்றால் கதை முழுவதையும் கேட்டுவிட்டு நடித்திருக்க வாய்ப்பே இல்லை. காலையில் ஒரு செட்டில் கிராமத்துக்காரி, மதியம் இன்னொரு ஸ்டூடியோவில் பணக்காரி. கால்ஷீட் அரை அரை நாளாக உடைந்திருக்கும். மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே உதவி இயக்குநர் வசனத்தைப் படித்துக் காட்டியிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் கைகொடுப்பது எது? கம்பெனி நாடகம்தான். இன்று வள்ளி, நாளை பவளக்கொடி, நாளை மறுநாள் யாரோ வராததால் அவருடைய வேடம். சினிமா அவரைக் கசக்கிப் பிழிந்தது, மேடைப் பழக்கம் அவரைத் தாங்கிப் பிடித்தது என்றுதான் சொல்வேன்.

ஆக, எண் வெறும் எண் அல்ல என்று வாதாட வந்தவன், அந்த எண்ணை இவ்வளவு கொண்டாட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை படங்களுக்கு அவர் தேவைப்பட்டார்? எத்தனை படங்களுக்கு அவர் முகம் போஸ்டரில் மட்டும் தேவைப்பட்டது?

ஜூன் 12

'பெண் சிவாஜி' என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சிவாஜியை யாராவது 'ஆண் மனோரமா' என்று பாராட்டியதுண்டா?

ஜூன் 15

கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை. "எல்லாம் சரி, தொண்ணூறுகளின் அழுகைக்கு என்ன பதில்?" என்கிறார். நியாயம்தான்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு ஒரு திருப்பம். நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் மட்டும் மாறவில்லை. பிறகு கவுண்டமணி-செந்தில் காலம் வந்தது. நகைச்சுவை இரண்டு ஆண்களின் சண்டையாகிவிட்டது. பெண்ணுக்கு அங்கே அடி வாங்கவும் வேலையில்லை, கொடுக்கவும் வேலையில்லை. நகைச்சுவை நடிகைக்கு மிச்சமிருந்த ஒரே நாற்காலி அம்மா. அதில் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியில் அவர் செய்தவற்றில் நல்லவையும் இருக்கின்றன. 'புதிய பாதை' (1989) அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. பாலசந்தரின் 'உன்னால் முடியும் தம்பி'யில் (1988) வாய் பேச முடியாத கணவனுக்கு மனைவி. எவ்வளவு அடக்கம் பாருங்கள். அங்கே குரலைத் தணித்த அதே தொண்டைதான் மூன்று ஆண்டு கழித்து 'சின்னத்தம்பி'யில் விதவைத் தாயாக ஊர் நடுவே அவமானப்பட்டுக் கதறியது. அந்தக் காட்சி தியேட்டரில் ஏற்படுத்திய அதிர்வை நேரில் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த முரட்டு ஆள் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். படம் ஓடோ ஓடென்று ஓடியது. பிறகென்ன, கதறும் அம்மா வேண்டும் என்று வரிசையில் நின்றிருப்பார்கள்.

தணிக்கத் தெரியாதவர் அல்ல, தணிக்கச் சொல்ல ஆள் இல்லாதவர். பாலசந்தர் சொன்னால் தணித்தார். எல்லோரும் பாலசந்தர் இல்லையே.

ஜூன் 15, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். இயக்குநர்கள் மேல் முழுப் பழியையும் போட்டதும் சரியில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர் "இது போதும் தம்பி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார். பன்னிரண்டு வயதிலிருந்து குடும்பத்துக்கு உழைத்தவருக்கு வேலை தருபவரிடம் 'இல்லை' என்று சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. இது என் ஊகம், அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஜூன் 17

1996 தேர்தல் பிரசாரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், ஜெயலலிதாவுக்காக மேடையேறி ரஜினியைக் கடுமையாகப் பேசினார். அதற்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. அடுத்த ஆண்டே 'அருணாசல'த்தில் ரஜினியோடு நடித்தார். இதில் யாருடைய பெருந்தன்மை பெரியது என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பேச்சிலும் மைக்கைப் பயன்படுத்திய விதம் கம்பெனி நாடகக்காரருடையது.

ஜூன் 20

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று அந்த இளைஞர் கேட்கிறார். விருதுப் படங்களிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 'நடிகன்' (1990). கிழவர் வேடம் போட்ட சத்யராஜ் மேல் காதல் கொள்ளும் முதிர்கன்னி. வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் கேவலமாகியிருக்கும் வேடம். அந்த வெட்கத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை, அதனால்தான் சிரிப்பு வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. பிறகு 'கலாட்டா கல்யாணம்'. பிறகு ரமாமணி. காதுக்கு வேண்டுமென்றால் 'மே மாதம்' படத்தின் "மெட்ராஸை சுத்திப் பார்க்கப் போறேன்". "வா வாத்தியாரே"வுக்கு இருபத்தாறு ஆண்டு கழித்து ரஹ்மான் இசையில் அதே ஊரைப் பாடுகிறார்.

ஜூன் 20, இரவு

'சின்னக் கவுண்டர்' பட்டியலில் ஏன் இல்லை என்று அதற்குள் சண்டை. அந்தப் பொய்ப் பல்தான் காரணம். அந்தப் பல்லை வைத்துக்கொண்டே கொங்குத் தமிழைப் பிசகாமல் பேசியது பெரிய வித்தை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனோரமாவின் வாய் என்பது தமிழ் சினிமாவின் மிகத் துல்லியமான கருவிகளில் ஒன்று. அதை மூடி வைத்து ஒரு படம் முழுக்க ஓட்டியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. விஜயகாந்த் ரசிகர்கள் வரிசையில் வரலாம், பதில் சொல்லத் தயார்.